கழற்றி மாட்டிய கம்ப்யூட்டர்

ஒரே நாளில் முழுசாக வாங்கி வந்த கேமிங் கம்ப்யூட்டர் எதையும் எங்கள் கம்மாபுரத்துப் பக்கம் நான் பார்த்ததில்லை. இங்கே அது பாகம் பாகமாகத்தான் வீடு வந்து சேரும். பொங்கலுக்கு ஒரு ராம் வரும். முந்திரிக்கொட்டை போட்ட காசில் கிராஃபிக்ஸ் கார்டு வரும். சீட்டு எடுத்தால் மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கிற நல்ல எஸ்எம்பிஎஸ் பெட்டி வரும். 2007-ல் எங்கள் வீட்டில் தொடங்கிய அந்த வேலை இன்னும் முடியவில்லை. முடியவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கழற்றிய பாகம் ஒவ்வொன்றும் ஊரில் இன்னொரு வீட்டுக்குப் போய் ஓடியிருக்கிறது. விளையாட்டுக்கு என்று ஆரம்பித்தது எங்கள் தெருவில் பல பேருக்குப் படிப்பாகவும் சிலருக்குப் பிழைப்பாகவும் ஆனது. அதனால்தான் இதை எழுதிவைக்கத் தோன்றியது.

விருத்தாசலத்திலிருந்து பரங்கிப்பேட்டை போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். ஒன்றியத் தலைமையிடம் என்றாலும் கிராமம்தான். ஒரு பக்கம் நெய்வேலிச் சுரங்கம், இன்னொரு பக்கம் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம். சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமானால் அதன்மேல் கிடக்கிற களிமண்ணைத் தோண்டி ஒதுக்கியாக வேண்டும். அந்த மண்ணும் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலும் ஒன்றையொன்று நம்பி வளர்ந்தவை. பொம்மை, ஜாடி, அகல் விளக்கு என்று பல சாமான்கள் அங்கே செய்வார்கள். என் அப்பா வேலை பார்த்தது ஃபியூஸ் கட்டை செய்கிற பட்டறையில். வீட்டு மெயின் போர்டில் வெள்ளையாக இருக்குமே, அதுதான். அச்சில் அழுத்தி, காயவைத்து, மெருகு பூசி, சூளையில் 1200 டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பார்கள். மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிற சாமானைச் செய்கிற மனிதர், மின்சாரத்தில் ஓடுகிற எந்தச் சாமானையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார். ரேடியோ, மிக்ஸி, தையல் மிஷின் மோட்டார் எல்லாமே அவர் கையில் ஒருமுறை பிரிந்து சேர்ந்தவை.

2007 கோடையில் விருத்தாசலத்தில் ஒரு பிரவுசிங் சென்டர்காரர் புது மெஷின்கள் வாங்கிப்போட்டுவிட்டுப் பழையவற்றை வந்த விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றை அப்பா வாங்கினார். பென்டியம் 4 ப்ராசஸர், 256 எம்பி ராம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், 15 அங்குல டப்பா மானிட்டர். ஜிடிஏ வைஸ் சிட்டி ஓடியது. ரோட் ராஷ், ஐஜிஐ, கிரிக்கெட் 07 ஓடின. சான் ஆண்ட்ரியாஸ் போட்டால் மட்டும் படம் தத்தித் தத்தி நகரும். அதன் டப்பாவின் பின்பக்கத்தில், குறைந்தது 256 எம்பி ராமும் 64 எம்பி வீடியோ கார்டும் வேண்டும் என்று போட்டிருந்தார்கள். எங்கள் மெஷினில் வீடியோ கார்டு தனியாக இல்லை. மதர்போர்டிலேயே சேர்ந்திருந்த கிராஃபிக்ஸ், இருக்கிற ராமிலிருந்துதான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். 256-லிருந்து அது 64 எடுத்துக்கொண்டால் விளையாட்டுக்கும் விண்டோஸுக்கும் சேர்த்து மிச்சம் 192.

இதைத் தெரிந்துகொண்ட நாளில்தான் பெட்டியை முதன்முதலாகத் திறந்தோம். பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவையும் அப்பா கழற்றினார். உள்ளே பிரவுசிங் சென்டரின் பல வருஷத் தூசி, ஃபேன் இறக்கைகளில் கம்பளிபோல் படிந்திருந்தது. சுவருக்கு வண்ணமடிக்கிற பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுத்த பிறகு போர்டு முழுசாகத் தெரிந்தது. கிராஃபிக்ஸ் கார்டு செருகுவதற்கான ஏஜிபி ஸ்லாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சாலிடர் புள்ளிகள்கூட இருந்தன, ஸ்லாட்டை மட்டும் வைக்கவில்லை. 845ஜிவி என்ற மலிவு வகைச் சிப்செட் அது. அந்த வகைக்கு ஏஜிபி கிடையாது. ஆக, அந்த மெஷினில் எவ்வளவு காசு போட்டாலும் கார்டு மாட்ட முடியாது, ராம் மட்டும்தான் கூட்டலாம் என்பது விளங்கியது. இன்னொரு 256 எம்பி துண்டு வாங்கிச் செருகினோம். சான் ஆண்ட்ரியாஸ் ஓரளவுக்கு ஓடியது. கம்ப்யூட்டர் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மதர்போர்டைத்தான் என்று இன்றும் எல்லோருக்கும் சொல்வேன். ப்ராசஸர் இன்றைய வேகம். மதர்போர்டோ, நாளைக்கு எதுவரை போகலாம் என்பதன் எல்லை.

அன்றைக்கு அப்பா வேறொன்றைக் கவனித்தார். போர்டு முழுக்க, எள்ளைப் போன்ற சின்னக் காப்பிநிறத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இது சுட்ட சாமான் மாதிரி இருக்குடா" என்றார். சரியாகத்தான் சொன்னார். அவை செராமிக் கப்பாசிட்டர்கள். பேரியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகைப் பொடியை மெல்லிய ஏடுகளாக்கி, ஏட்டுக்கு ஏடு உலோகம் பூசி, நூற்றுக்கணக்கில் அடுக்கி, சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு எடுப்பார்கள். ப்ராசஸருக்குப் போகிற மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதைச் சமன்செய்வது இவைதான். ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கும். தான் ஆயுள் முழுக்கச் செய்த தொழிலின் நுணுக்கமான ஒரு வடிவம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கம்ப்யூட்டர் அப்பாவுக்கு அந்நியமாக இருக்கவில்லை. விளையாடத்தான் வாங்கினோம் என்று அவர் அதற்கப்புறம் குறைசொன்னதும் இல்லை.

பீங்கான் இன்னோர் இடத்திலும் எங்களுக்குப் பாடம் எடுத்தது. வெறுங்காலோடு தரையில் நின்று கேபினெட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறும். டெஸ்டரை வைத்தால் உள்ளே மங்கலாக எரியும். "மெஷின் கெட்டுப்போச்சு, கரண்டு லீக் ஆகுது" என்று அம்மா யாரையும் கிட்டே விடவில்லை. மெஷின் கெட்டுப்போகவில்லை. வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்சாரம் நுழைகிற இடத்தில் நீல நிறத்தில் இரண்டு சின்ன வட்டக் கப்பாசிட்டர்கள் இருக்கும், அவையும் செராமிக். ஒன்று லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே, மற்றது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே. தேவையில்லாத அதிர்வுகளை எர்த்துக்கு இறக்கிவிடுவது அவற்றின் வேலை. எர்த்தே இல்லாத வீட்டில் இறங்க இடமில்லாமல் கேபினெட்டில் ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் நாம் ராம் மாட்டுகிற நேரத்தில் சிப்பைக் கொன்றுவிடக்கூடும்.

ஒயர்மேன் மாமா வந்தார். கொல்லையில் ஆளுயரத்துக்கு மேல் குழி வெட்டி, ஜிஐ பைப்பை நடுவில் நிறுத்தி, சுற்றிக் கரி ஓர் அடுக்கு, கல்லுப்பு ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். "வெயில் காலத்துல வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க, மண்ணு காஞ்சா எர்த்து வேலை செய்யாது" என்றார். பைப்பின் தலையிலிருந்து கம்பி இழுத்துச் சுவர் பிளக்கின் பெரிய ஓட்டையில் கொடுத்ததும் டெஸ்டர் அணைந்தது. கம்ப்யூட்டருக்காகப் போட்ட அந்த எர்த், அதற்குப் பிறகு வந்த ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் பாதுகாப்பானது. எங்கள் தெருவில் அடுத்தடுத்துப் பல வீடுகளில் குழி வெட்டினார்கள்.

அந்த பென்டியம் 4 மறு வருஷமே அடிக்கடி தானாக அணைந்து எரிய ஆரம்பித்தது. திறந்து பார்த்தால், ப்ராசஸர் பக்கத்தில் நிற்கிற உருளைக் கப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. ஒன்றிலிருந்து பழுப்பாகக் கசிவு. உள்ளே ஊற்றும் திரவத்தின் கலவை சரியில்லாமல், 2000-களின் தொடக்கத்தில் வந்த பல போர்டுகளில் உலகம் முழுக்கவே இந்தக் கோளாறு இருந்தது. கம்ப்யூட்டர் கடையில் போர்டையே மாற்றச் சொன்னார்கள். நாங்கள் போனது டிவி மெக்கானிக்கிடம். "1500 மைக்ரோ, 6.3 வோல்ட்டு. 105 டிகிரி தாங்குறதா பாத்து வாங்கியாங்க. 85 போட்டா நிக்காது" என்றார். சில ரூபாய்ச் சாமான். அவர் சாலிடர் வைத்துக் கொடுத்த பிறகு அந்த போர்டு பல வருஷம் ஓடியது. போர்டு போய்விட்டது என்று யார் சொன்னாலும், போர்டில் எது போயிற்று என்று கேட்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது.

2009-ல் ப்ளஸ் டூ முடித்தபோது புது மெஷின் ஒன்றைச் சொந்தமாக அசெம்பிள் செய்வது என்று வீட்டில் முடிவானது. அம்மா பங்குக்கு ஐந்தாறு முந்திரி மரங்கள் இருந்தன. அந்த வருஷம் கொட்டை நல்ல விலைக்குப் போனது. அந்தக் காசோடு அப்பாவும் நானும் விருத்தாசலத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனோம். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரிசையாகக் கடைகள். ஒரு கடையில் ராம் மட்டும், இன்னொன்றில் கேபினெட் மட்டும், மாடிப்படிக்கு அடியில் ஒருவர் ஒயரும் கனெக்டரும் மட்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு பொருளைக் கரைத்துக் குடித்தவர்கள். விலை கேட்டால் நாக்கு நுனியில் சொல்வார்கள். நோட்டில் எழுதிப் போனது இது: பென்டியம் டூயல் கோர் இ5200, ஜி31 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ராம், ஜிஃபோர்ஸ் 9500 ஜிடி கார்டு. ப்ராசஸரில் மிச்சம் பிடித்துக் கார்டில் போட வேண்டும், விளையாட்டுக்குக் கார்டுதான் முக்கியம் என்பது எங்கள் கணக்கு.

அப்பா மட்டும் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். கேபினெட்டோடு சேர்ந்து வருகிற எஸ்எம்பிஎஸ் வேண்டாம் என்றார். இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். கேபினெட்டில் வந்ததில் 450 வாட் என்று ஸ்டிக்கர், ஆனால் எடையே இல்லை. தனியாக விற்றதில் 400 வாட் என்று போட்டிருந்தது, கனத்தது. "இரும்பும் செம்பும் உள்ள இருந்தா கனக்கும். கனமில்லாதது என்னத்த தாங்கும்?" என்றார். அந்தக் கடைக்காரரே, "ஐயா சொல்றதுதான் சரி" என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கனமான எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு நன்மையும் இருந்தது. 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அச்சிட்டிருந்தார்கள். சாயங்காலம் வயலில் மோட்டார்கள் ஓடும்போது எங்கள் ஊரில் வோல்ட்டேஜ் 170-க்கு இறங்கும், டியூப் லைட் கண்ணடிக்கும். அப்போதும் அந்த மெஷின் அசையாமல் ஓடியது. கேமிங் கம்ப்யூட்டருக்கு எது முக்கியம் என்று கேட்கிற நகரத்துப் பிள்ளைகள் கார்டைச் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் சொல்வோம்.

கூடத்தில் பாயை எடுத்துவிட்டு, வெறுந்தரையில் அட்டைப்பெட்டி விரித்து அசெம்பிள் செய்தோம். அந்த மதர்போர்டில் ப்ராசஸருக்குக் கால் கிடையாது. சாக்கெட்டில்தான் 775 ஊசிகள், முடியைவிடச் சற்றே தடிமனானவை. ப்ராசஸரின் ஓரத்தில் இருக்கிற வெட்டை சாக்கெட்டின் வெட்டோடு பொருத்தி, அழுத்தாமல் அப்படியே இறக்கிவைத்து, நெம்புகோலை மடக்க வேண்டும். மடக்கும்போது கறகறவென்று ஒரு சத்தம் வரும், பயப்படக் கூடாது. பிறகு வெப்பம் கடத்தும் பசை, பட்டாணி அளவு போதும். அதன்மேல் ஃபேன். அதன் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். ஒரே பக்கமாக அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். கடைசியாக, பவர் ஸ்விட்சிலிருந்து வருகிற அரிசி அளவு கனெக்டர்கள். தங்கை டார்ச் பிடித்தாள், நான் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் சுழன்றது, ஒரே ஒரு பீப் வந்தது. ஒரு பீப் என்றால் எல்லாம் நலம் என்று பொருள். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஓடுதா?" என்றாள். நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டட் அன்றிரவு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. நம் கையால் பூட்டிய சாமான் உயிர்பெற்று ஓடுகிற சந்தோஷத்துக்கு ஈடு அந்த விளையாட்டில்கூட இல்லை.

பழைய பென்டியம் 4 தங்கைக்குப் போனது. அவளிடமிருந்து பிறகு எதிர்வீட்டுக்குப் போய், அங்கே ஒரு பையன் தட்டச்சு பழகினான். எங்கள் ஊரில் அப்கிரேடு என்றாலே இப்படித்தான் நடக்கும். ஒருவர் ஒரு படி ஏறினால், அவருக்குப் பின்னால் மூன்று பேர் ஏறுவார்கள். எந்த ராம் எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது, எந்த ஹார்ட் டிஸ்க் எத்தனை மணிநேரம் ஓடியிருக்கிறது என்பதெல்லாம் எங்கள் வட்டத்துக்கு மனப்பாடம்.

அப்புறம் மின்வெட்டுக் காலம். 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைக்கூடத் தாண்டியது. இரவில் எங்கள் மாடியில் நின்றால் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் வெளிச்சம் வானத்தில் செம்மையாகத் தெரியும். அங்கே எடுக்கிற மின்சாரம் தென்மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் பங்கிட்டுப் போகிறது. அதன் நிழலில் இருக்கிற கிராமங்களில் நாங்கள் மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்திருந்தோம். மண்ணும் நிலமும் கொடுத்த ஊர்களுக்கு வெளிச்சத்தில் முதல் பங்கு வேண்டும் என்று அன்று நினைத்ததையே இன்றும் நினைக்கிறேன். ஒரு மணி நேரம் கரண்டு, ஒரு மணி நேரம் இருட்டு என்று முறை வைத்து வந்தபோது, யூபிஎஸ் கொடுக்கிற பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் விளையாட்டை சேவ் செய்து மெஷினை முறையாக அணைக்க வேண்டும். பாட்டரி எப்படிச் சாகிறது, எத்தனை வாட் இழுத்தால் எத்தனை நிமிஷம் நிற்கும் என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் போகாமலே படிந்தது.

அதற்குச் சற்று முன்புதான் தானே புயல் வந்துபோனது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை. பண்ருட்டியிலிருந்து எங்கள் பக்கம் வரை கடலூர் மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டது. அம்மாவின் மரங்களில் ஒன்றுகூட நிற்கவில்லை. கரண்டுக் கம்பங்கள் ஒடிந்து கிடந்ததால் கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. என் கம்ப்யூட்டருக்குக் கார்டு வாங்கிக் கொடுத்த மரங்கள் அவை. அடுத்த கார்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் விஆர்ஐ 3 ஒட்டுக்கன்றுகளை வாங்கி நட்டோம். ஒட்டுக்கன்று காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை அந்த இ5200-ஐயே தூசி தட்டி, பசை மாற்றி ஓட்டினேன். ஊரில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் கைக்கு வந்திருந்தன. அவற்றின் அடித்தகட்டைக் கழற்றி ராம் கூட்டிக் கொடுப்பது எனக்கும் தங்கைக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது.

2014-ல் நான் வேலைக்குப் போன பிறகு என் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள் ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டு. அந்த வருஷம் பிப்ரவரியில் வந்தது. அதற்கு முன்னால் நல்ல கார்டு என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் இழுத்துக் கொடுக்க வேண்டும். இது 60 வாட்தான் எடுக்கும், ஸ்லாட்டில் வருகிற மின்சாரமே போதும். குறைந்த வோல்ட்டேஜும் சின்ன யூபிஎஸ்ஸும் உள்ள வீட்டுக்கு இப்படிப்பட்ட கார்டுதான் தோதானது. ஐ3 ப்ராசஸரும் எச்81 போர்டும் அதோடு சேர்ந்தன. கேபினெட், எஸ்எம்பிஎஸ், ஹார்ட் டிஸ்க் பழையவைதான்.

மறு வருஷம் ஏப்ரலில் ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது. 60 ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கிற விளையாட்டு, டிவிடியாக வாங்கினால் ஏழு டிவிடி. எங்கள் ஊரில் அப்போது கிடைத்த 512 கேபிபிஎஸ் இணைப்பில் இறக்கினால், இரவு பகல் கரண்டு போகாமல் இருந்தாலும் பத்து நாளுக்கு மேல் ஆகும். நண்பர்கள் ஐந்து பேர் காசு சேர்த்து ஒரு பெட்டி வாங்கினோம். எல்லோரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முறைவைத்து ஆடினோம். அந்த விளையாட்டில் வரும் கற்பனை நகரத்தின் கடற்கரையில் சூரியன் இறங்குவதையும் தண்ணீரில் வெளிச்சம் உடைவதையும் பார்த்து, ஆடுகிறவன்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றான்.

எல்லா அப்கிரேடிலும் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தந்தது எது என்று கேட்டால் எஸ்எஸ்டி என்பேன். சுழலும் தட்டில் ஊசி ஓடித் தேடுகிற ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைத் தங்கையிடம் போயிருந்த இ5200 மெஷினில் மாட்டினேன். காப்பி போட்டுக்கொண்டு வரும்வரை காத்திருக்கவைத்த விண்டோஸ், நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் வந்து நின்றது. அந்த மெஷினில்தான் அவள் ஃபோட்டோஷாப் பழகி, விருத்தாசலத்தில் ஃப்ளெக்ஸ் டிசைன் வேலைக்குப் போனாள். இன்றைக்கு அவளே கடை வைத்திருக்கிறாள். கடையில் ஓடுகிற மெஷின்கள் எல்லாமே அவள் கையால் பூட்டியவை.

2019-ல் ரைசனுக்கு மாறினேன். ஏஎம்4 சாக்கெட்டை ஏஎம்டி கம்பெனி ஒரு தலைமுறையோடு கைவிடாமல் தொடர்ந்து வைத்திருந்ததுதான் காரணம். பி450 போர்டு, ரைசன் 5 2600 ப்ராசஸர். கார்டு அதே 750 டிஐ. நல்ல கார்டுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தபோது கொரோனா வந்தது. கூடவே, ஈதிரியம் போன்ற கிரிப்டோ காசுகளை எடுக்கிறவர்கள் உலகம் முழுக்கக் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். 2021-ல் கார்டு விலை பெட்டியில் போட்டதைப்போல் இரண்டு மடங்குக்குப் போனது. பொறுத்திருந்தேன். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி ஈதிரியம், கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியது. விலை இறங்கியது. அடுத்த வருஷம் ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன், 132 வாட்தான். அதே பி450 போர்டில் பயோஸை மட்டும் புதுப்பித்து ரைசன் 5 5600-ஐ இறக்கினேன். 2600-ஐயும் 750 டிஐ-யையும் அத்தை மகன் கொண்டுபோனான். அவன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான்.

கோடையில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் விருத்தாசலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும். அறையே 38-ல் இருந்தால் ஃபேன் உள்ளே தள்ளுவதும் அந்தக் காற்றைத்தான். ப்ராசஸர் 90 டிகிரியைத் தாண்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் சித்திரை பிறந்தால் எங்கள் வீட்டில் ஆயுத பூஜைபோல ஒரு நாள். எல்லாவற்றையும் கழற்றி, பிரஷ் போட்டு, பழைய பசையைத் துடைத்துப் புதுசு வைத்து மாட்டுவோம். மேசையைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, கேபினெட்டுக்குப் பின்னால் காற்றுப் போக வழி விடுவோம். இதற்குக் காசு வேண்டாம், ஒரு காலைப் பொழுது போதும்.

2023 ஜூலையில் வெண்பா என்று ஒரு விளையாட்டு வந்தது. கனடாவின் டொரன்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் செய்தது. நாடுவிட்டுப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, ஒவ்வொரு சமையலாக நகரும். மறு வருஷம் பிரிட்டனின் பாஃப்டா, அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆடினேன். முதல் ஆட்டமே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று நான் யோசித்தபோது, அம்மா திரையைத் தொட்டு, "ஓட்டைக்கு மேல ஓட்டை வராம வை" என்றாள். ஜெயித்தது அவள்தான். இவ்வளவு காலம் எங்கள் வீட்டில் ஓடிய விளையாட்டுகளில் எங்கள் அடுக்களை முதன்முதலாக அன்றைக்குத்தான் வந்தது. அதை ஆட பெரிய கார்டும் தேவையில்லை, பழைய மெஷினே போதும். இங்கே பூட்டப்படுகிற கம்ப்யூட்டர்களில் இனி ஆடுவது மட்டுமல்ல, நம் ஊர்க் கதைகளை விளையாட்டாகச் செய்வதும் நடக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அன்று வந்தது. தங்கை கடையில் இரண்டு பிள்ளைகள் அதைத் தொடங்கியும் இருக்கிறார்கள்.

இன்றைக்குப் பல மடிக்கணினிகளில் ராமைப் போர்டிலேயே ஒட்டிவிடுகிறார்கள். கழற்றவும் முடியாது, கூட்டவும் முடியாது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொள்ள, ராம் விலை சில மாதத்தில் இரட்டிப்பைத் தாண்டியது. இப்படிப்பட்ட நேரத்தில் காசு குறைந்த வீட்டுக்குக் கைகொடுப்பது, கழற்றி மாட்ட முடிந்த கம்ப்யூட்டர்தான். ஒரு பாகம் விலை ஏறினால் அதை விட்டுவிட்டு வேறொன்றை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பழையது பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளைக்குப் புதுசு.

உங்கள் வீட்டுப் பரண்மேல் பழைய சிபியு ஒன்று கிடந்தால் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று ஒயர்மேனை வைத்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஸ்க்ரூடிரைவரையும் ஒரு பிரஷ்ஷையும் பிள்ளை கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். மிச்சத்தை அவர்களே கற்றுக்கொள்வார்கள்.